சந்தையிலேயே குண்டான பெண்

யாகுட்ஸ்க் மீன் சந்தையில் என்னைவிட ஒல்லியான பெண் கிடையாது. என்னைவிடக் குண்டான பெண்ணும் கிடையாது. இரண்டும் நானேதான்.

காரணம் சுலபமானது. உடம்பில் சதை இருக்கிறவளுக்கு ஒரு கம்பளி போதும், எனக்கு மூன்று வேண்டும். நான் ஓஷ் நகரத்துக்காரி. சர்க்கரைப் பாதாமிப் பழம் வெயிலில் காய்கிற ஊர் அது. பிழைப்புக்காக இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், "இதைப் போட்டுக்கிட்டு நீ சைபீரியாவுல தூங்கக்கூட செய்யலாம்" என்று எங்கள் ஊர்க் கடைக்காரன் சத்தியம் பண்ணி விற்ற நைலான் கோட்டை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். மைனஸ் ஐம்பது. ஒரு மீனை எடுக்கக் கையை உயர்த்தினேன், கோட்டின் கை காய்ந்த ரொட்டி மாதிரி முறிந்து கீழே விழுந்தது. பக்கத்துக் கடை மார்ஃபா அக்கா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன்னுடைய பழைய தோல் கோட்டை என் மேல் போட்டாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கோட்டையும் இன்னும் திருப்பித் தரவில்லை.

உடுத்துவதைப் பற்றி இந்த ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு பாடம் நடத்துவார்கள். என் முறை இதுதான். முதலில் கழிப்பறை. அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் உடுத்தி முடித்தவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்து காதிலிருந்தும் கழுத்திலிருந்தும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்மல் காதைச் சுட்டுவிடும். முகத்தில் வாத்துக் கொழுப்பு. அதற்குமேல் கம்பளி உள்ளாடை இரண்டு, ஒட்டக ரோமப் பின்னல் ஒன்று, பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை, ஆட்டுத் தோல் மார்ச்சட்டை, இன்னொரு பின்னல், கோட்டு, முழங்கால் வரை மான் தோல் பூட்ஸ், நரி ரோமத் தொப்பி, தொப்பிக்கு மேல் மூன்று சால்வை. கடைசிச் சால்வையைக் கட்டிய பிறகு வீட்டுக்குள் நிற்கவே கூடாது. வேர்த்தால் போச்சு. வேர்வை வெளியே போனதும் உள்ளுக்குள்ளேயே பனியாகிவிடும். குளிரில் செத்தவர்களைவிட, சூடான அறையில் வேர்த்துவிட்டு வெளியே போய்ச் செத்தவர்கள்தான் அதிகம் என்பாள் மார்ஃபா அக்கா. அவள் சொல்வதில் பாதி புளுகுதான், ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவளை நம்பினேன்.

இப்படி உடுத்திக்கொண்டு, வாளிகளில் விறகு மாதிரி செங்குத்தாக நிற்கும் மீன்களுக்குப் பின்னால் நான் நின்றால், கடையில் பாதி நான்தான் இருப்பேன். வெளியே தெரிவது மூக்கு நுனியும் இரண்டு கண்களும்தான், அதுவும் இமை மயிரில் பனி பூத்த கண்கள்.

அயாலை நான் அறிந்ததும் இந்தக் கோலத்தில்தான்.

அவன் லாரிக்காரன். வடக்கே, ஆறு கடலில் சேர்கிற இடத்திலிருந்து, உறைந்த ஆற்றின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு மீன் இறக்குவான். லாரியின் பின்தட்டில் நின்றபடி மூட்டைகளைக் கீழே தள்ளுவான். கீழே இறங்கவே மாட்டான், அத்தனை துணியோடு இறங்கினால் மறுபடி ஏறுவது பெரும்பாடு. இஞ்சினையும் அணைக்க மாட்டான், அணைத்தால் அது மறுபடி உயிர் பெறாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் இஞ்சின் சத்தத்துக்கு மேலே, வாயை மூடிய கம்பளி வழியாகக் கத்திப் பேசியதுதான். அவன் என்னிடம் முதன்முதலில் பேசியதே, "ஏம்மா, மூக்கு வெளுத்துப்போச்சு, தேய்!" என்பதுதான். மூக்கு வெளுத்தால் சதை உறையப் போகிறது என்று அர்த்தம். இந்த ஊரில் எதிரிக்குக்கூட அதைச் சொல்லாமல் போக மாட்டார்கள், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது, "மூக்கு சௌக்கியமா?" என்று கேட்டான். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று குளிர்காலம் இப்படி ஓடியது. கோடையில் அவன் படகில் வடக்கே போய்விடுவான், பனி கட்டிய பிறகுதான் மறுபடி கண்ணில் படுவான். மூன்று வருடத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. கழுத்துத் துணிக்கு வெளியே நீளும் அவன் தாடி தெரியும், அதில் தொங்கும் பனி தெரியும். தட்டின் மேல் நிற்கும் அவன் ஆகாயத்தை மறைத்துக்கொண்டு நிற்பது தெரியும். இத்தனை உயரமான ஆம்பிளை எங்கள் ஊரில் இல்லை என்று நான் மார்ஃபா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

அவனோ என்னைப் பார்த்து மேலிருந்து கத்துவான்: "சைகல்! சந்தையிலேயே நல்லா வளர்ந்த பொண்ணு நீதான்! காத்தடிச்சா மத்தவளுங்க எல்லாம் ஆடுறாளுங்க, நீ மலை மாதிரி நிக்கிறே!"

"மலையைப் பார்த்துக்கிட்டே மூட்டையைத் தலையில போட்டுடாதே!" என்று நானும் கத்துவேன். உள்ளே இருப்பது மலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகழை யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த ஜனவரியில் என் அண்ணன் மிர்லான் ஓஷிலிருந்து போனில் கூப்பிட்டான். எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தான். செருப்புக்கடை வைத்திருக்கும் மனுஷன், நல்லவன், பல் எல்லாம் இருக்கிறது. "ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லு. சரின்னா வசந்தத்துல வந்துடு. அந்த ஐஸ் பெட்டியில இன்னும் எத்தனை நாள் கிடக்கப் போறே?" என்றான்.

அன்றைக்கே அயாலிடம் கத்தினேன். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது. "எங்க அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்துட்டான்! வசந்தத்துல ஊருக்குப் போறேன்!"

மூட்டை அவன் கையிலேயே நின்றுவிட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமை லாரியை ஷெட்டுல விடுறேன்! மத்தியானம் சந்தை முனை சாப்பாட்டுக் கடைக்கு வர்றியா? உன்கிட்ட கத்தாம ஒரு விஷயம் பேசணும்!" என்றான்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. எனக்கு மூன்று சால்வைக்குள்ளும் முகம் கொதித்தது. தலையை ஆட்டினேன். அத்தனை துணிக்குள் ஆட்டியது அவனுக்குத் தெரியாது என்பதால், "வர்றேன்!" என்றும் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்ஃபா அக்கா என் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் கோட்டுக்குள்ளே, கால்சட்டைக்குள்ளே, என்னுடைய ஒரே வெல்வெட் கவுனைச் சுருட்டித் திணித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குடி பயம்? அவன் என்ன கரடியா?"

"அவன் ஒரு மலையைக் கூப்பிட்டிருக்கான். போறது ஒரு குச்சி."

மார்ஃபா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கே என் உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. "ஒரு யோசனை சொல்றேன். உள்ள போனதும் எல்லாத்தையும் கழட்டிடாதே. ஒவ்வொண்ணா, பேச்சுக் கொடுத்துக்கிட்டே கழட்டு. அவனுக்குப் பழகிடும்."

"வேர்த்துடாதா?"

"அப்ப சீக்கிரமாப் பேசு."

இந்த யோசனையை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கவுன் கசங்கியிருந்தால் நீவிவிடலாம், இமையில் பனி உருகினால் துடைத்துக்கொள்ளலாம் என்று முன்னாலேயே போய்விட்டேன். கோட்டு வாங்கி மாட்டுகிற அறையில் இருந்த பெண் நான் கழற்றிக் கொடுத்தவற்றை இரண்டு கொக்கிகளில் மாட்டிவிட்டு, "கூட வந்தவங்க எங்கே?" என்று கேட்டாள்.

"நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்ப இதெல்லாம் ஒருத்தரோடதா?" என்று என்னையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். நன்றாக ஆரம்பித்தது நாள்.

கடையில் கூட்டம். ஜன்னலெல்லாம் பனி கட்டி வெள்ளையாக இருந்தது. ஒரு மேசையைப் பிடித்து, எதிர் நாற்காலியில் என் கைக்குட்டையை விரித்து வைத்தேன். பக்கத்து மேசையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். குட்டையான ஆள், புதிதாகச் சவரம் செய்த முகம், கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. இஸ்திரி போட்ட சட்டையின் காலருக்குள் விரலை விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். அவன் மேசையின் இன்னொரு நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அந்த நாற்காலி காலியாங்க?" என்று என்னிடம் கேட்டான்.

"காலி இல்லை. ஆள் வருது."

"வந்ததும் திருப்பித் தந்துடுறேன். எனக்கும் ஆள் வருது."

"உங்க ஆளை நிக்க வெச்சுச் சாப்பாடு போடுங்க."

அவன் முகம் சிவந்தது. "எனக்கு வர்றவங்களை அப்படி நிக்க வெக்க முடியாதுங்க. நல்ல ஆகிருதி. ஒரு நாற்காலி பத்துமான்னே எனக்குச் சந்தேகம். உங்களை மாதிரி இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன், மேசை ஓரத்துல தொங்க விட்டிருப்பேன்."

என்னிடமா! "எனக்கு வர்றவர் இந்த வாசல்ல குனிஞ்சுதான் நுழையணும். உங்களை மாதிரி இருந்தா எனக்கும் நாற்காலி வேண்டாம், மேசை மேல உப்பு ஜாடிக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருப்பேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புத்தி எப்போதும் வேகமாக வேலை செய்யும். நான் தேடிக்கொண்டிருந்தது ஆகாயத்தை மறைக்கும் ஓர் ஆளை, பனி தொங்கும் தாடியை, கம்பளிக்குள்ளிருந்து வரும் கனத்த குரலை. எதிரே இருந்தது மெல்லிசான குரலுள்ள ஒரு மொட்டைக் கன்னம். எனக்கு எப்படித் தெரியும்?

காத்திருந்தோம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து மூடுபனி உருண்டு உள்ளே வரும், இருவரும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டுவோம். ஓர் உயரமான ஆள் குனிந்து நுழைந்தான். நான் பாதி எழுந்துவிட்டேன், கவுனை நீவினேன். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் நுழைந்தார்கள். உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரன் தன் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தான். அடுத்து ஒரு கனமான பெண் வந்தாள். அவன் துள்ளி எழுந்து, கையை நீட்டி, வாயைத் திறந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய்த் தன் தோழிகளோடு உட்கார்ந்தாள். இப்போது என் முறை, நானும் கோப்பைக்குள் சிரித்தேன்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை. தேநீர் ஆறியது. வரவில்லை அவன். வராமல் இருக்க என்ன காரணம் என்று யோசிக்க யோசிக்க ஒரே காரணம்தான் தெரிந்தது: கதவோரமாக எட்டிப் பார்த்திருப்பான், வெல்வெட் கவுனுக்குள் இருந்த குச்சியைப் பார்த்திருப்பான், திரும்பிப் போயிருப்பான். மூன்று வருடம் மலையைப் பார்த்துக் கத்தியவன் இதற்காக ஏன் உள்ளே வரப் போகிறான்? எனக்கு அழுகை வந்தது, ஆனால் அந்தக் குட்டையன் பார்க்க அழுவதாக இல்லை. அவனுக்கு முன்னால் எழுந்து போவதாகவும் இல்லை. அவனும் அதே பிடிவாதத்தில் இருந்தான் என்று நினைக்கிறேன், காலரை இழுத்து இழுத்துக் கழுத்தே சிவந்திருந்தது. கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோட்டு அறையில் ஒரு பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவன், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். உடுத்த ஆரம்பித்தேன். வெல்வெட் கவுனைச் சுருட்டிக் கால்சட்டைக்குள் திணித்தபோது மனசுக்குள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். சரி. செருப்புக்கடைக்காரனே வரட்டும். செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிற ஊருக்கே போய்விடுகிறேன். பின்னல், மார்ச்சட்டை, இன்னொரு பின்னல், கோட்டு. ஒவ்வொன்றாக ஏற ஏற, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கொஞ்சம் தெம்பு வந்தது. பூட்ஸ். தொப்பி. சால்வை, சால்வை, சால்வை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "கொஞ்சம் தள்ளுங்கம்மா, என் கையுறை கீழ விழுந்துடுச்சு" என்றது.

கம்பளி வழியாக வந்த குரல். கனத்த, நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற குரல். தூக்கத்திலும் எனக்குத் தெரிகிற குரல். நான் திரும்பினேன்.

தொப்பியும் கழுத்துத் துணியும் பெரிய தோல் கோட்டுமாக அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்கள் என்னைப் பார்த்து விரிந்தன.

"சைகல்!" என்று கத்தினான், சந்தையில் கத்துவது போலவே. "வந்துட்டியா! இப்பத்தான் வர்றியா? நான் எவ்வளவு நேரமா உள்ள உக்காந்திருக்கேன் தெரியுமா! வரவே மாட்டேன்னு நினைச்சுட்டேன்!"

நான் சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அதுவும் சும்மா உக்காந்திருந்தேன்னு நினைக்காதே! பக்கத்து மேசையில ஒரு வாயாடி! ஈர்க்குச்சி மாதிரி இருந்துக்கிட்டு என்ன வாய்ங்கிறே! ஒரு நாற்காலி கேட்டதுக்கு என்னை உப்பு ஜாடிங்கிறா! இரு, இங்கதான் உடுத்திக்கிட்டு இருந்தா, காட்டுறேன்..." என்று திரும்பினான். பெஞ்சைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கொக்கிகளைப் பார்த்தான். என் இரண்டு கொக்கியும் காலியாக இருந்தன.

கோட்டு அறைப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "தம்பி, இங்கே யாரும் உள்ள வரலை," என்றாள். "யாரும் வெளியவும் போகலை."

அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"நீ... வெளியிலேர்ந்து வரலையா?"

"இல்லை."

"அப்ப அந்த ஈர்க்குச்சி..."

"நான்தான்."

அவன் குனிந்து, விழுந்த கையுறையை எடுத்தான். பிறகு குரல் இறங்கியது. "அப்ப, வாசல்ல குனிஞ்சு நுழையணும்னு சொன்னியே, அந்த ஆள்..."

"நீதான்," என்றேன்.

அவன் வாசலைப் பார்த்தான். அது ஒரு சாதாரண வாசல். அவன் தலைக்கு மேலே, தொப்பியோடு சேர்த்தும், ஒரு முழம் இடம் மிச்சமிருந்தது.

அப்படியே நின்றோம், இரண்டு துணி மூட்டைகள். இதைவிடக் கேவலமான நிமிடம் என் வாழ்க்கையில் கிடையாது. தான் ஆசைப்பட்டது யாரை என்று ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் சொல்லியாகிவிட்டது. அது நாங்கள் இல்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. முதுகில் ஒரு துளி இறங்கியது.

"ரெண்டு பேருக்கும் வேர்க்குது," என்றாள் கோட்டு அறைப் பெண். இப்போது அவள் சிரிக்கவில்லை. "நின்னுக்கிட்டே இருக்காதீங்க. ஒண்ணு, இப்பவே வெளியே போங்க. இல்லைன்னா கழட்டுங்க."

அவள் சொன்னது சரி. இன்னும் கொஞ்சம் நின்றால் வெளியே போகவும் முடியாது. கதவு எனக்கு நாலடி தள்ளி இருந்தது. வெளியே போனால் நான் மறுபடி மலை. வாளிக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம், அவன் தட்டின் மேல் நின்றுகொள்ளலாம், வசந்தம் வரை கத்திக்கொண்டிருக்கலாம். நான் கதவுப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தேன்.

அயால் தொப்பியைக் கழற்றினான். தலைமயிர் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. கழுத்துத் துணியை அவிழ்த்தான், வெட்டுப்பட்ட கன்னம் தெரிந்தது. கோட்டைக் கழற்றினான், பாதி ஆள் குறைந்துபோனான். இஸ்திரிச் சட்டையோடு, எனக்கு மூக்கு உயரத்தில், நின்றான். அவன் பேசியபோது மறுபடி அந்த மெல்லிய குரல் வந்தது.

"அந்தக் குண்டுப் பொண்ணு இனிமே வர மாட்டாங்க போல இருக்குங்க," என்றான். "உங்க உயரமான ஆளும் வர மாட்டார். காலையிலேர்ந்து பட்டினி கிடக்கிறது நாம ரெண்டு பேரும்தான். சேர்ந்து சாப்பிடலாமா?"

நான் சால்வைக்குள்ளேயே சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று எனக்கு நினைவில்லை. முதல் முடிச்சில் கையை வைத்தேன். அது இறுகிக் கிடந்தது. அவன் கிட்டே வந்து, எட்டி, அதை அவிழ்த்துவிட்டான். எல்லாவற்றையும் கழற்றி முடிக்க வெகுநேரம் ஆனது. எங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை.